உங்கள் பாங்கி பலமாக இருக்கிறதா? பலகையில் எழுதிப் போடட்டும்!

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ, அத்தனை படிகள். டிசம்பர் 31-ந் தேதி திருப்படித் திருவிழா நடக்கிறது. அன்று படிக்குப் படி பூஜை செய்து, கற்பூரம் ஏற்றி, பாட்டுப் பாடிக்கொண்டே பக்தர்கள் மலை ஏறுகிறார்கள்.

ஏழை எளிய மக்கள் பணம் சேர்ப்பதும் படி ஏறுவது போலத்தான். மலையடிவாரத்தில் பூ விற்கும் அம்மாள் பத்தும் இருபதுமாக மிச்சம் பிடிக்கிறார். பொதட்டூர்பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் விசைத்தறி ஓட்டுகிறவர் வாரக் கூலியில் கொஞ்சம் ஒதுக்குகிறார். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் விவசாயி, பணம் வந்ததும் மகள் கல்யாணத்துக்கு என்று ஒரு தொகையை எடுத்து வைக்கிறார்.

அந்தப் பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் பாங்கிக்குப் போகிறது.

ஒரு படி ஏற ஒரு நாள். உருண்டு விழ எத்தனை நேரம் ஆகும்? ஒரு நிமிடம் போதும். ஆகவே, "நம் பணம் இருக்கும் பாங்கி பலமாக இருக்கிறதா?" என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதற்குப் புரிகிற மொழியில் பதில் சொல்லும் கடமை பாங்கிக்கு உண்டு. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பாங்கி எப்படி நடக்கிறது?

பாங்கியில் 100 ரூபாய் போடுகிறோம். அந்த நோட்டு அப்படியே இரும்புப் பெட்டியில் இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

2025-ம் ஆண்டு இறுதி நிலவரப்படி, அந்த 100 ரூபாயில் 3 ரூபாயைப் பாங்கி ரிசர்வ் பாங்கியில் கட்டிவைக்க வேண்டும். 18 ரூபாயை, பெரும்பாலும் அரசாங்கக் கடன் பத்திரங்களில் போட்டு வைக்க வேண்டும். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுக்கிறது. கடை வைக்கிறவர், வீடு கட்டுகிறவர், ஆலை நடத்துகிறவர் எல்லோரும் அந்தக் கடனை வாங்குகிறார்கள். அவர்கள் கட்டும் வட்டியில்தான் நமக்கு வட்டி வருகிறது.

இதில் தவறு ஒன்றும் இல்லை. பணம் ஓடினால்தான் ஊர் வாழும். ஆனால் இரண்டு ஆபத்துகள் உண்டு.

ஒன்று: கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்டாமல் போகலாம். இரண்டு: பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து, "என் பணத்தைக் கொடு" என்று கேட்கலாம். பெரும்பாலும் முதல் ஆபத்து முற்றியதும் இரண்டாவது ஆபத்து வந்து சேரும்.

முதல் ஆபத்தைத் தாங்குவதற்குத்தான் பாங்கிக்குச் சொந்த மூலதனம் வேண்டும். கடன் நஷ்டமானால் முதலில் அந்த மூலதனம் கரைய வேண்டும். டெபாசிட் பணத்தில் கை வைக்கக் கூடாது. 100 ரூபாய்க் கடனுக்குக் குறைந்தது 9 ரூபாய் மூலதனம் என்பது ரிசர்வ் பாங்கி வகுத்திருக்கும் அடிப்படைக் கணக்கு. இந்த 9 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆர்பத்நாட் முறிந்த கதை

1906-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி. சென்னைப் பட்டணமே அதிர்ந்து போயிற்று. ஆர்பத்நாட் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது.

அது வெள்ளைக்காரர் கம்பெனி. தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்றது. வியாபாரமும் செய்தது, பொதுமக்களிடம் பணம் வாங்கி வட்டியும் கொடுத்தது. உத்தியோகஸ்தர்கள், விதவைகள், பென்ஷன்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே பணம் போட்டிருந்தார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி சூதாட்டம் போன்ற வியாபாரங்களில் பணத்தை விட்டார். அங்கே முறிந்ததும் இங்கேயும் முறிந்தது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்கு நடந்து, சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பணம் போட்டவர்களுக்கு அதனால் என்ன ஆறுதல்?

அந்த வேதனையில் ஒரு நன்மையும் பிறந்தது. "நம் பணத்தை நாமே பாதுகாப்போம்" என்று வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முன்வந்தார்கள். 1907-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியன் பாங்கி திறக்கப்பட்டது. இன்றும் அது நடக்கிறது.

1960-ல் வந்த பாடம்

1960-ம் ஆண்டைத் திருத்தணி மறக்காது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதிதான், ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, அந்நாள் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது.

அதே 1960-ல், ஆகஸ்டு மாதம் 8-ந் தேதி, கேரளாவில் ஒரு பெரிய பாங்கி மூடப்பட்டது. அதன் பெயர் பாலை சென்ட்ரல் பாங்கி. அதைக் கலைக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கியே கோர்ட்டுக்குப் போயிற்று. குடும்பங்கள் தவித்தன. பார்லிமெண்டில் கேள்விகள் எழுந்தன.

அதன் பிறகுதான் டெபாசிட் இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. 1962-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் அது அமுலுக்கு வந்தது. பாங்கி முறிந்தால், பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் ரூ.1,500 வரை இன்ஷூரன்சில் கிடைக்கும் என்று ஏற்பாடு ஆயிற்று. இந்த வரம்பு படிப்படியாக உயர்ந்தது. 1993-ல் ரூ.1 லட்சம் ஆயிற்று. 27 ஆண்டுகள் கழித்து, 2020-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி ரூ.5 லட்சம் ஆயிற்று. பிரீமியத்தைப் பாங்கி கட்டுகிறது. நாம் ஒரு காசும் கட்ட வேண்டாம்.

கரூரில் பிறந்த பாங்கி

இது பழைய கதை, இந்தக் காலத்தில் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2020-ம் ஆண்டு தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் நடந்ததைக் கேளுங்கள்.

லட்சுமி விலாஸ் பாங்கி 1926-ம் ஆண்டு கரூரில் வியாபாரிகள் கூடி ஆரம்பித்தது. கைத்தறித் துணி வியாபாரிக்கும், சிறு கடைக்காரருக்கும், விவசாயிக்கும் கடன் கொடுத்து வளர்ந்தது. பிற்காலத்தில் பெரிய கம்பெனிகளுக்குப் பெரிய பெரிய கடன்களைக் கொடுத்தது. அவற்றில் பல திரும்பி வரவில்லை. மூலதனம் கரையத் தொடங்கியது.

மேலே சொன்ன 9 என்ற எண்ணை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் மாதம் அந்தப் பாங்கியின் மூலதனம் 100-க்கு ஒரு ரூபாய்ச் சொச்சம். ஜூன் மாதம் 17 காசு. செப்டம்பரில் பூஜ்யத்துக்கும் கீழே!

2019 செப்டம்பர் மாதமே ரிசர்வ் பாங்கி அதைக் கண்டிப்பான கண்காணிப்பில் வைத்திருந்தது. 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் கூட்டத்தில் டைரக்டர்கள் ஏழு பேருக்கு எதிராக ஓட்டு விழுந்தது. இவை எல்லாம் பங்கு மார்க்கெட்டைக் கவனிப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பாங்கியில் பணம் போட்டிருந்த சாதாரணக் குடும்பத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

நவம்பர் 17-ந் தேதி மாலை திடீரென்று தடை வந்தது. ஒருவர் ரூ.25 ஆயிரத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. வைத்தியம், படிப்பு, கல்யாணம் போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. சுமார் 20 லட்சம் பேர் போட்டிருந்த சுமார் ரூ.20 ஆயிரம் கோடி அப்படியே நின்றது.

நல்லவேளையாக, பத்தே நாளில் வழி பிறந்தது. நவம்பர் 27-ந் தேதி, சிங்கப்பூர் பாங்கியான டி.பி.எஸ்.சின் இந்தியக் கிளை நிறுவனத்துடன் அது சேர்க்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு காசு கூட நஷ்டம் இல்லை. ஆனால் பங்கு வாங்கியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 94 ஆண்டு வாழ்ந்த பாங்கியின் பெயரும் போய்விட்டது.

அந்தப் பத்து நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும்? மகன் காலேஜ் சம்பளம் கட்ட வேண்டியவர், கடைச் சரக்குக்குப் பணம் கொடுக்க வேண்டியவர், பென்ஷன் பணத்தை நம்பிய முதியவர் இவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பணம் திரும்பி வந்தது என்பது வேறு. பயம் வந்தது என்பது வேறு.

இன்றைய நிலை என்ன?

பயமுறுத்துவது நம் நோக்கம் அல்ல. உள்ளதைச் சொல்ல வேண்டும். இன்று இந்தியப் பாங்கிகள் மொத்தத்தில் நல்ல பலத்துடன் இருக்கின்றன.

2018 மார்ச் மாதம், பாங்கிகள் கொடுத்த 100 ரூபாய்க் கடனில் 11 ரூபாய்க்கு மேல் வராத கடனாக நின்றது. 2025 மார்ச் மாதம் அது 2 ரூபாய் 30 காசாகக் குறைந்துவிட்டது. மூலதனமோ 100-க்கு 17 ரூபாய் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. இது ரிசர்வ் பாங்கியின் அறிக்கையில் கண்ட கணக்கு.

ஆனால் மொத்தத்தில் நன்றாக இருந்தாலும், ஏதோ ஒரு பாங்கி பலவீனமாக இருக்கலாம். 2025 பிப்ரவரியில் பம்பாயில் நியூ இந்தியா கூட்டுறவு பாங்கியில் பணம் எடுக்கத் தடை வந்தது. பணம் கையாடப்பட்டதாக வழக்கும் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அது வேறொரு கூட்டுறவு பாங்கியுடன் சேர்க்கப்பட்டது. மேலும், பழைய ஆபத்துகள் போய்ப் புது ஆபத்துகள் வந்திருக்கின்றன.

புது ஆபத்துகள் மூன்று

முதலாவது, அடமானம் இல்லாத கடன். செல்போனில் பொத்தானை அமுக்கினால் கடன். சுற்றுலா போகக் கடன். குழுவில் சேர்ந்தால் கடன். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. இந்த வகைக் கடன் மளமளவென்று வளர்வதைப் பார்த்து, 2023 நவம்பரில் ரிசர்வ் பாங்கி கடிவாளம் போட்டது. இந்தக் கடன்களுக்குக் கூடுதல் மூலதனம் ஒதுக்கும்படி சொன்னது. கடன்காரர்களின் ஆட்கள் வீட்டு வாசலில் நின்று மிரட்டுவதைத் தடுக்க, 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் மசோதா நிறைவேறியது. குடும்பத்தின் கழுத்தை நெரிக்கும் கடன், நாளைக்குப் பாங்கியின் கழுத்தையும் நெரிக்கும்.

இரண்டாவது, மின்னல் வேகம். முன்னெல்லாம் பாங்கி வாசலில் கூட்டம் கூட ஒரு நாள் ஆகும். இப்போது கூட்டம் கூடத் தேவையே இல்லை. 2023 மார்ச் 9-ந் தேதி, அமெரிக்காவில் சிலிக்கன் வேலி பாங்கியில் இருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கப்பட்டது. நம் கணக்கில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் கோடி ரூபாய். வீட்டில் உட்கார்ந்தபடியே எடுத்துவிட்டார்கள். மறுநாள் பாங்கி மூடப்பட்டது. நம் கையிலும் அதே செல்போன்தான் இருக்கிறது.

மூன்றாவது, மோசடி. "போலீஸ் பேசுகிறேன், உங்களைக் கைது செய்துவிட்டேன், வீட்டை விட்டு நகராதே, பணத்தை அனுப்பு" என்று செல்போனில் மிரட்டுகிறார்கள். செல்போனில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. இன்னும் சிலர், "உன் பாங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று வாலிபர்களை வளைக்கிறார்கள். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். கமிஷன் வாங்கியவர் கம்பி எண்ண நேரிடும்.

பாங்கி அல்லாத இடங்கள்

இன்ஷூரன்ஸ் என்பது பாங்கி டெபாசிட்டுக்குத்தான். பைனான்ஸ் கம்பெனிக்கு இல்லை. சீட்டுக் கம்பெனிக்கு இல்லை. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்க டெபாசிட்டுக்கும் இந்த இன்ஷூரன்ஸ் இல்லை. இது பலருக்குத் தெரியாது. தபால் ஆபீஸ் சேமிப்புக்கு மத்திய சர்க்காரே பொறுப்பு.

2022-ல் ஆருத்ரா கோல்டு என்ற நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் வழக்குத் தொடர்ந்தனர். சுமார் ஒரு லட்சம் பேரிடம் ரூ.2,438 கோடி வாங்கியதாகப் போலீசார் கூறினர். மாதம் 100-க்கு 25 முதல் 30 ரூபாய் வரை தருவதாக ஆசை காட்டினார்களாம்! பாங்கியில் ஆண்டு முழுவதும் வைத்தாலும் 7 ரூபாய்தான் என்றிருக்கும்போது, மாதம் 30 ரூபாய் எந்தத் தொழிலில் வரும்? ஒரு நிமிடம் யோசித்திருந்தால் ஒரு லட்சம் குடும்பம் தப்பியிருக்கும்.

நாம் கேட்பது என்ன?

ரிசர்வ் பாங்கி ஆண்டுக்கு இரண்டு முறை, பாங்கிகளின் பலம் பலவீனம் பற்றி அறிக்கை வெளியிடுகிறது. நல்ல அறிக்கைதான். ஆனால் அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. ஒவ்வொரு பாங்கியும் தன் மூலதனக் கணக்கையும் வராத கடன் கணக்கையும் வெளியிடத்தான் செய்கிறது. ஆனால் அது படித்தவர்கள் தேடி எடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

ஆகவே, நாம் கேட்பது பெரிய சலுகை அல்ல. ஒரு பலகை!

ஒவ்வொரு கிளையிலும், பணம் கட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். அதில் நான்கே வரி போதும். இந்தப் பாங்கிக்கு டெபாசிட் இன்ஷூரன்ஸ் உண்டு. ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. எங்கள் மூலதனம் 100-க்கு இவ்வளவு. சட்டப்படி வேண்டியது இவ்வளவு. எங்கள் வராத கடன் 100-க்கு இவ்வளவு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்களை மாற்றி எழுத வேண்டும். தமிழ்நாடு முழுவதும் தமிழில் எழுத வேண்டும். நகரியில் இருந்து கடைத்தெருவுக்கு வருகிறவர்களும் கணக்கு வைத்திருக்கும் திருத்தணி போன்ற எல்லை ஊர்களில், பக்கத்திலேயே தெலுங்கிலும் எழுதலாம்.

"பலவீனமான எண்ணை எழுதினால் வதந்தி கிளம்பாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2003 ஏப்ரலில் குஜராத்தில் வெறும் வதந்தியை நம்பி, நல்ல நிலையில் இருந்த ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கியில் மக்கள் பணம் எடுக்க மொய்த்தார்கள். ஆனால் அன்று மக்கள் கண்முன் எண் இல்லை, வதந்திதான் இருந்தது. இருட்டில்தான் கயிறு பாம்பாகத் தெரியும். விளக்கு ஏற்றினால் கயிறு கயிறுதான்.

நல்ல நாளில் இருந்தே எண்ணைப் பார்த்துப் பழகியவர்கள், ஒரு எண் கொஞ்சம் இறங்கினால் மிரண்டு ஓட மாட்டார்கள். விசாரிப்பார்கள். பாங்கி நிர்வாகிகளுக்கும் பயம் இருக்கும். ஊரே பார்க்கும் பலகையில் எண் இறங்குவதை எந்த மானேஜர் விரும்புவார்? பெரிய மனிதருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுக்கும் தலைமை ஆபீசும் யோசிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் வரம்பு ரூ.1 லட்சத்தில் 27 ஆண்டுகள் நின்றது. அதற்குள் விலைவாசி எங்கோ போய்விட்டது. ரூ.5 லட்சம் வரம்புக்கும் அந்தக் கதி நேரக்கூடாது. ரிட்டயர் ஆன ஒருவருக்கு மொத்தமாக வரும் பணம், ஐந்து லட்சத்தைத் தாண்டுவது இன்று சாதாரணம். விலைவாசியைப் பார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வரம்பை உயர்த்தச் சட்டத்திலேயே வழி செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஒரு பாங்கியில் உங்களுக்கு எத்தனை கிளைகளில் பணம் இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து ரூ.5 லட்சத்துக்குத்தான் இன்ஷூரன்ஸ். அதற்கு மேல் இருந்தால், வேறொரு பாங்கியில் பிரித்துப் போடுங்கள். அங்கே தனியாக இன்னொரு ரூ.5 லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. எல்லா முட்டையையும் ஒரே கோழியின் கீழ் அடைகாக்க வைப்பதில்லை அல்லவா?

பாங்கிக்குப் போகும்போது, "இது டெபாசிட்டா, இன்ஷூரன்ஸ் பாலிசியா, பத்திரமா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். டெபாசிட் என்று நினைத்து வேறு எதிலோ பணத்தைப் போட்டவர்கள் உண்டு.

செல்போனில் வரும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு.

எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை பாங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். "மூலதனம் 100-க்கு எத்தனை?" என்று கேட்கச் சொல்லுங்கள். மானேஜர் முதலில் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்வார். நூறு பேர் கேட்டால் பலகை வைப்பார்.

பணம் நம்முடையது. கேட்பதில் வெட்கம் என்ன?